மலையகத்தில் மராத்தான் நடத்த உதவ வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் நடக்கும் நெடுந்தூர ஓட்டங்களுக்கு உதவ வெளிநாடுகளிலிருந்து தமிழர்கள் வர விரும்புகிறார்கள். சென்னை, திருச்சி, சிங்கப்பூர், லண்டன், டொரொன்டோ என்று எங்கிருந்து எழுதினாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். தொண்டர்களை ஒழுங்கு செய்யும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் எந்த அமைப்போடு வந்தாலும் இவை பொருந்தும்.

எனக்கு ஓட்டப் போட்டி நடத்திய அனுபவம் கிடையாது. வந்து என்ன செய்வது?

தாராளமாக வாருங்கள். ஒரு மராத்தானில் ஓடுபவர்களுக்கு நிகராக நிற்பவர்களும் தேவை. சந்திகளில் வழி காட்ட, தண்ணீர் கொடுக்க, உடுப்புப் பைகளைக் காக்க, இலக்கத் துணி (ஓட்டக்காரர் நெஞ்சில் குத்தும் எண் துணி) கொடுக்க, கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வர, முடிந்த பிறகு குப்பை பொறுக்க. இவற்றில் எதற்கும் பட்டம் வேண்டாம். அதிகாலை மூன்று மணிக்கு எழும்பும் மனமும், சொன்ன இடத்தை விட்டு நகராத பொறுமையும் போதும்.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சந்தியில் நிற்க ஆட்களைத் தேயிலைத் தோட்டத்திலேயே திரட்டிக்கொள்ள முடியும். வெளியிலிருந்து வருபவர்களிடம் எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது தொழில்நுட்ப அறிவுதான்: தூரம் அளப்பது, நேரம் கணிப்பது, ஓட்டக்காரர்களுக்கான முதலுதவி. இவற்றில் ஏதாவது தெரிந்தால், வேலையை நீங்களே செய்து முடித்துவிட்டுப் போகாமல், உங்கள் பக்கத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரை நிறுத்திச் செய்யுங்கள். அடுத்த வருடம் நீங்கள் வர முடியாமல் போனாலும் ஓட்டம் நடக்க வேண்டும். நான் கேட்பதெல்லாம் அதுதான்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

மலையகம் முழுவதற்கும் ஒரே காலநிலை கிடையாது. மலை முகட்டின் மேற்குப் பக்கத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா. கிழக்கே ஊவா: பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை. தென்மேற்குப் பருவ மழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும்போது, ஊவாப் பக்கம் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும். டிசம்பருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். வடகீழ்ப் பருவ மழை கிழக்கே பெய்ய, மேற்கில் வானம் தெளியும்.

தேயிலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும்தான் தரமான தேயிலை வரும் காலம். ஓட்டத்துக்கும் அதே மாதங்கள்தான் நல்லவை. ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கத்திலும் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இடி மழையும் மண்சரிவும் அப்போதுதான் அதிகம்.

இன்னும் சில. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே வெசாக் வரை போகும். அந்த மாதங்களில் வார இறுதிகளிலும் போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினங்களிலும் ஹட்டன் - மஸ்கெலியா வீதியில் பஸ்கள் நெருக்கியடிக்கும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம். தங்க இடம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். பொதுப் பரீட்சைகள் நடக்கும் நாட்களில் பாடசாலை மைதானத்தையும் ஒலிபெருக்கியையும் மறந்துவிட வேண்டும். தோட்டத்து ஆட்கள் பங்குபெற வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைதான் சரி. மற்ற நாட்களில் மலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள்.

சுற்றுலா வீசாவில் வந்து உதவலாமா?

இலங்கைக்கு வரும் பெரும்பாலானோர் ஈ.டி.ஏ. எனும் இணையவழி அனுமதி பெற்று வருகிறார்கள். சுற்றுலா நோக்கத்துக்கான அந்த அனுமதியில் விளையாட்டுப் போட்டிகளில் பங்குபற்றுவதும் அடங்கும். ஆகவே ஓட வருபவருக்குச் சிக்கல் இல்லை. ஆனால் சம்பளத்துடனோ சம்பளமின்றியோ வேலை செய்ய அதில் இடமில்லை. ஒரு நாள் தண்ணீர் கொடுப்பதும் மூன்று வாரம் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்டியை நிர்வகிப்பதும் ஒன்றல்ல. அதனால் நீங்கள் செய்யப்போகும் வேலையை எழுதி, ஏற்பாட்டாளரிடம் அழைப்புக் கடிதம் வாங்கி, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ உங்கள் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலோ கேட்டுவிட்டு விமானச் சீட்டு எடுங்கள்.

எத்தனை நாள் முன்னதாக வந்து சேர வேண்டும்? எப்படி வருவது?

போட்டி நாளுக்கு ஐந்து நாளாவது முன்னதாக. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வீதி வழியாக நுவரெலியா வந்துசேர ஐந்தாறு மணி நேரம் ஆகும். ரயில் என்றால் கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை போகும் பாதை. ஹட்டனில் இறங்கலாம், நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்கி இன்னும் எட்டுக் கிலோமீற்றர் மேலே ஏற வேண்டும். பயணம் அழகானதுதான். ஆனாலும் கடும் மழைக்குப் பிறகு பாதையில் மண்ணும் மரமும் விழுந்து சேவை நின்றுபோவதுண்டு. போட்டிப் பொருட்களோடு வருபவர்கள் ரயிலை நம்பி வர வேண்டாம், வேனில் வாருங்கள்.

உயரமும் ஒரு காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். சென்னையிலிருந்து வருபவருக்கு முதல் நாள் மேட்டில் நடக்கவே மூச்சு வாங்கும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி கூடப் படியும். கம்பளிச் சட்டை, மழை மேலங்கி, தலைவிளக்கு மூன்றும் கட்டாயம்.

மலைப் பாதையில் 42.195 கிலோமீற்றரை எப்படி அளக்கிறார்கள்? கைபேசியில் பார்த்தால் போதாதா?

போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு மராத்தானின் நேர்மை இதில்தான் இருக்கிறது.

கைபேசி செயற்கைக்கோளைப் பார்த்துப் புள்ளி புள்ளியாக இடம் குறிக்கிறது. கொண்டை ஊசி வளைவிலும் அடர்ந்த மரத்தடியிலும் மலை மறைவிலும் அந்தப் புள்ளிகள் தடுமாறும். போதாக்குறைக்குச் சரிவும் இருக்கிறது. நூற்றுக்குப் பத்து ஏற்றம் உள்ள பாதையில், வரைபடத்தில் கிடையாக 1000 மீற்றர் என்று தெரிவது தரையில் 1005 மீற்றர். ஏற்ற இறக்கமே வாழ்க்கையாக உள்ள ஊரில் இது சும்மா விடக்கூடிய வித்தியாசம் அல்ல.

சர்வதேச முறை சைக்கிளில் அளப்பது. முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சின்ன எண்ணி பொருத்தப்படும். முதலில் குறைந்தது 300 மீற்றர் நேரான வீதியை இரும்பு நாடாவால் அளந்து குறித்துக்கொள்வார்கள். அதில் சைக்கிளை நான்கு முறை ஓட்டி, ஒரு கிலோமீற்றருக்கு எண்ணி எவ்வளவு காட்டுகிறது என்று கணக்கெடுப்பார்கள். பிறகு போட்டிப் பாதை முழுவதையும் ஓட்டி அளந்து, திரும்பி வந்து அதே நேர்வீதியில் இன்னும் நான்கு முறை. முன்னும் பின்னும் எதற்கு என்றால், வெயில் ஏற ஏற டயருக்குள் காற்று விரிந்து சக்கரத்தின் சுற்றளவு மாறும். நம் ஊரில் விடியற்காலை நடுங்கும் குளிர், பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். அதனால் இங்கே இந்தத் திருத்தம் இன்னும் முக்கியம்.

சைக்கிள் நடு வீதியில் போகக் கூடாது. ஓட்டக்காரர் எடுக்கக்கூடிய மிகக் குறுகிய வழியை, வளைவின் உள் ஓரத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்துப் போக வேண்டும். நுவரெலியாவுக்கு ஏறும் வீதியின் ரம்பொடை வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு கடினமான வேலை என்று சொல்லத் தேவையில்லை. மேலிருந்து பஸ் வரும், கான் (வடிகால்) ஓரமாக ஈரமாக இருக்கும். பொலிஸ் வாகனம் ஒன்று பின்னால் வராமல் இதைச் செய்யவே விட மாட்டேன். கடைசியில், தூரம் குறைந்துவிடாமல் இருக்க கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் வீதம் சேர்ப்பார்கள்; மராத்தானுக்கு 42 மீற்றர்.

அளப்பவர் உலகத் தடகளச் சங்கம் ஏற்றுக்கொண்ட அளவையாளராக இருந்தால்தான் அந்தப் பாதையின் நேரங்கள் வெளியே செல்லுபடியாகும். அப்படிப்பட்ட ஒருவர் நீங்கள் என்றால், தயவுசெய்து முதலில் எழுதுங்கள். உங்களுக்காகத் திகதியையே மாற்றலாம்.

மலையிலிருந்து கீழே இறங்கி ஓடினால் சாதனை நேரம் எடுக்கலாமே?

எடுக்கலாம், ஆனால் சாதனையாகப் பதிவாகாது. புறப்படும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இடையிலான இறக்கம் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு இடங்களுக்கும் இடையிலான நேர்த்தூரம் போட்டித் தூரத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. நுவரெலியாவில் தொடங்கிப் பண்டாரவளையில் முடித்தால் இறக்கம் மட்டும் 600 மீற்றருக்கு மேல். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் சுற்றுப் பாதையே எனக்குப் பிடிக்கும். தொண்டர்களும் குறைவு, வாகனமும் குறைவு. நீண்ட இறக்கம் தொடையையும் முழங்காலையும் என்ன பாடு படுத்தும் என்பதை ஓடியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்துக்குள் பாதை போட யாரிடம் கேட்க வேண்டும்?

இதை உள்ளூர் ஆட்கள் செய்வார்கள். ஆனாலும் தெரிந்துவைத்திருங்கள். ஏ தரப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ். போக்குவரத்தை நிறுத்தப் பொலிஸ் அனுமதி. உணவுக்கும் தண்ணீருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நகருக்குள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை. தோட்டத்துப் பாதை என்றால் பெருந்தோட்டக் கம்பனியின் முகாமையாளர், அதாவது தோட்டத்துத் துரை.

துரையிடம் கையெழுத்து வாங்கியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத் தலைவர்களிடமும் கோயில் கமிட்டியிடமும் போய்ப் பேச வேண்டும். அந்தப் பாதை லயத்து வாசலை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலை, ஒட்டிப் போகிறது. அங்கே துணி காயும், பிள்ளைகள் விளையாடும், விறகு அடுக்கியிருக்கும். கம்பனி அனுமதி கொடுத்தாலும் வாசல் அவர்களுடையது. மாரியம்மன் திருவிழா, ஒரு மரணவீடு என்று எது இருந்தாலும் ஓட்டம்தான் விலகிப் போக வேண்டும்.

தண்ணீர் மேசையில் நிற்பவர் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மேசை என்பது பழைய வழக்கம். மலையில் அதைவிட நெருக்கமாக வைப்பது நல்லது. கணக்கு இப்படிப் போடுங்கள்: 300 பேர் ஓடுகிறார்கள், ஆளுக்கு இரண்டு கோப்பை. ஒரு மேசைக்கு 600 கோப்பை. கோப்பைக்கு 150 மில்லிலீற்றர் என்றால் 90 லீற்றர் தண்ணீர். எட்டு மேசைக்கு 4800 கோப்பை. கடைசியாக வருபவருக்கும் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதால் கால் பங்கு கூட்டி வையுங்கள். அவர்தான் அதிக நேரம் வெயிலில் இருந்தவர்.

கோப்பையை நிரப்பாதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேல் போதும். உள்ளங்கையில் வைத்தோ விளிம்பை விரல் நுனியால் பிடித்தோ நீட்டுங்கள், ஓடுபவர் எடுத்ததும் கையை விட்டுவிடுங்கள். மேசையை ஏற்றத்தில் வையுங்கள். இறக்கத்தில் வேகமாக வருபவர் நிற்க முயன்று வழுக்கி விழுவார். சமதரை கிடைத்தால் இன்னும் நல்லது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் பெரும்பாலும் அப்படி ஒரு இடம் இருக்கும், கூரையும் இருக்கும்.

மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், குளிர்ச்சியாகவும் இருக்கும். நாங்கள் குடித்து வளர்ந்ததுதான். ஆனால் போட்டியில் கொதிக்கவைக்காமல் கொடுக்கக் கூடாது. மேலே தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கொதிக்கவைத்தாலும் மருந்து போகாது என்பதால், மருந்தடிக்கும் மலைக்குக் கீழே உள்ள பீலியை விட்டுவிட்டு வேறிடத்தில் எடுக்க வேண்டும். உணவுக்கு வாழைப்பழம், உப்பு, கித்துள் கருப்பட்டித் துண்டு போதும். இருபத்தைந்து கிலோமீற்றருக்குப் பிறகு ஒரு மிடறு சீனி போட்ட பிளேன்டீயை ஓட்டக்காரர் வாங்கிக் குடிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

சந்தியில் நிற்கும் வேலை எவ்வளவு நேரம்?

பாதையின் பின்பகுதியில் நிற்பவருக்கு நீண்ட நேரம். முதல் ஆள் கிலோமீற்றருக்கு 4 நிமிடம் ஓடினால் 30ஆவது கிலோமீற்றருக்கு இரண்டு மணி நேரத்தில் வருவார். ஏழு மணி நேர எல்லைக்குள் முடிக்கப்போகும் கடைசி ஆள் அதே இடத்துக்கு வர ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குப் புறப்பாடு என்றால் நீங்கள் ஏழரைக்கே அங்கே நின்று, பதினொரு மணி தாண்டிக் கடைசி வாகனம் கடந்த பிறகுதான் நகரலாம். இடையில் அரை மணி நேரம் யாரும் வராமல் போகும். அப்போது பக்கத்துக் கடைக்குப் போய்விட்டு வரலாம் என்று தோன்றும். போகாதீர்கள். பிரியும் பாதையில் ஒரு ஓட்டக்காரர் தவறான பக்கம் திரும்பினால், அடுத்த தோட்டத்துக்கு இறங்கிய பிறகுதான் அவருக்கு அது தெரியவரும். மறுபடி ஏற அவர் காலில் பலம் இருக்காது.

நான் டாக்டர். மருத்துவக் குழுவில் சேரலாமா?

சேரலாம், ஆனால் இலங்கை மருத்துவ சபையின் பதிவு இல்லாமல் இங்கே வைத்தியம் பார்க்க முடியாது. தற்காலிகப் பதிவுக்கு நேரம் எடுக்கும். பதிவு இல்லாதவர்கள் உள்ளூர் வைத்தியரின் கீழ் முதலுதவிப் பயிற்சியிலும் ஏற்பாட்டிலும் உதவலாம். அதுவே பெரிய உதவி.

எல்லாத் தொண்டர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியவை சில உண்டு. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஒருவர் சரிந்தால் பெரும்பாலும் காலில் இரத்தம் தேங்கியதுதான் காரணம். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவார். பாதையின் நடுவில் சரிந்தால் அதிகம் பயப்பட வேண்டும். குழம்பிப் பேசுகிறார், உடல் கொதிக்கிறது என்றால் வெப்பத் தாக்கு. குளிரூரில் அது வராது என்று நினைக்காதீர்கள். கடுமையாக ஓடும் உடல் தானே சூட்டை உண்டாக்கும். முதலில் குளிர்ந்த நீரில் உடலைக் குளிர்வியுங்கள், பிறகு வைத்தியசாலை. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்தவருக்கு இரத்தத்தில் உப்பு குறைந்தும் குழப்பம் வரும். அவருக்கு இன்னும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து. மழையில் நனைந்து காற்றில் நடப்பவருக்கு உடல் விறைக்கும். ஈர உடையை மாற்றிப் போர்த்துங்கள்.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் மலைப் பாதையில் வர நேரமெடுக்கும். ஆகவே போட்டிக்கென்று சொந்தமாக அம்புலன்ஸும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியும் பாதையிலேயே இருக்க வேண்டும். இவை இல்லாமல் நடத்தப்படும் ஓட்டத்தில் நீங்கள் தொண்டராகவும் சேராதீர்கள்.

அட்டை, பாம்பு, சிறுத்தை பற்றிக் கேள்விப்படுகிறேன். பயப்பட வேண்டுமா?

நீங்கள் கேட்காததுதான் பெரிய ஆபத்து: குளவி. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி வைத்தியசாலைக்குப் போவது இங்கே அடிக்கடி நடக்கும் துயரம். உயிர்களும் போயிருக்கின்றன. கூடு நிழல் மரத்திலும் இருக்கும், தேயிலைச் செடிக்குள்ளும் இருக்கும். பாதையை முடிவு செய்வதற்கு முன் அந்த மலையில் வேலை செய்யும் அக்காமார்களைக் கேளுங்கள். எந்த மரத்தில் கூடு, எந்தத் தொங்கலில் போன மாதம் கொட்டியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வரைபடம் வைத்திருப்பவர் சொல்வதைவிட அவர்கள் சொல்வதை நம்பிப் பாதையை மாற்றுவது என் வழக்கம். போட்டி நாளுக்கு முதல் நாள் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். கூட்டின் பக்கத்தில் புகை, பலத்த ஒலிபெருக்கி, ட்ரோன் எதுவும் ஆகாது. கொட்டியவருக்கு மூச்சுத் திணறினால் அட்ரினலின் ஊசி உடனே தேவை. அது மருத்துவக் குழுவின் கையில் இருக்க வேண்டும்.

அட்டைக்கு உப்பு, நீளக் காலுறை. சிறுத்தை மனிதரைக் கண்டால் விலகிப்போகும். ஆனாலும் இருட்டில் தனியாக நடந்து சந்திக்குப் போக வேண்டாம், வாகனத்தில் இரண்டு பேராகப் போங்கள்.

மழை கொட்டினால் போட்டி நடக்குமா?

மழை என்றால் நடக்கும். மண்சரிவு எச்சரிக்கை என்றால் நடக்கக் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. நீங்கள் விமானச் செலவு செய்து வந்திருப்பீர்கள், நூற்றுக்கணக்கானவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருப்பார்கள். ஆனாலும் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டியதுதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அதைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

வாக்கி டாக்கி, ட்ரோன் கொண்டு வரலாமா?

அனுமதி இல்லாமல் வேண்டாம். வானொலிக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ட்ரோனுக்கும் தனி அனுமதி உண்டு. இல்லையென்றால் சுங்கத்தில் தங்கிவிடும். பள்ளத்தாக்குகளில் கைபேசி சிக்னல் விட்டு விட்டு வரும். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பியை நிறுத்துவோம். அவர் செய்தி கொண்டு போவார்.

நேரக் கணிப்புக் கருவி தெரிந்தவர்கள் தேவையா?

மிகவும். இலக்கத் துணியில் ஒட்டிய மின்சில்லு தரைவிரிப்பைக் கடக்கும்போது நேரம் பதிவாகும். மின்சாரம் போனால், ஈரம் புகுந்தால் அதோடு சரி. ஆகவே முடிவுக் கோட்டில் இரண்டு பேர் பேனாவும் தாளும் வைத்து இலக்கத்தையும் வந்த வரிசையையும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி வழியிலும் ஒருவர் எழுத வேண்டும். குறுக்கு வழியில் வந்தவரையும், இன்னும் வந்து சேராதவரையும் அந்தத் தாளை வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.

எனக்குச் சிங்களம் தெரியாது. தமிழ் மட்டும் போதுமா?

தோட்டத்தில் போதும். பொலிஸ், பஸ் சாரதிகள், ஓடவரும் பலர் சிங்களம் பேசுவார்கள். வதுர என்றால் தண்ணீர், தகுண வலது, வம இடது, நவத்தன்ன என்றால் நில்லுங்கள். இவ்வளவு தெரிந்தாலே சந்தியில் சமாளிக்கலாம். அறிவிப்பு இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும்.

பேச்சில் மரியாதை முக்கியம். வயதில் மூத்த தொழிலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அண்ணே, அக்கா, பெரியவர் என்றால் ஐயா, அம்மா. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் சிலர் எங்கள் ஆட்களைப் பார்த்ததும் இரக்கப்படுகிறார்கள். அது வேண்டாம். மன்னாரில் கரையிறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் மறுபடி நடந்தார்கள். இந்த மலையும் வீதியும் அவர்களுடைய உழைப்பு. நீங்கள் விருந்தாளியாக வாருங்கள், விருந்தாளிக்கு இங்கே நல்ல மரியாதை உண்டு.

தோட்டத்துப் பிள்ளைகளும் ஓட முடியுமா?

முடிய வேண்டும். அதற்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். தேசிய மட்டத்தில் 5000, 10,000 மீற்றர் ஓட்டங்களில் பெயரெடுத்த குமார் சண்முகேஸ்வரன் மலையகத்துப் பிள்ளைதான். பாடசாலைக்கு மேடும் பள்ளமுமாக நடந்து போய் வருகிற பிள்ளைகளிடம் நெஞ்சுரம் இருக்கிறது. பயிற்சியாளரும் போட்டியும்தான் இல்லை.

நுழைவுக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான், அதுவும் வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு. வெளிநாட்டு ஓட்டக்காரருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசாகத் தெரியும் கட்டணம் இங்கே பல நாள் உழைப்பு. அதனால் பாதை போகும் தோட்டங்களின் ஆட்களுக்குக் கட்டணமே வாங்கக் கூடாது. வெளியூராரின் கட்டணத்தில் அதை ஈடுகட்ட வேண்டும். சிறுவர்களை முழு மராத்தானில் விடக் கூடாது. அவர்களுக்கு இரண்டு, ஐந்து கிலோமீற்றர் ஓட்டங்கள் வையுங்கள், அதே மேடையில், அதே பதக்கத்தோடு. ஏற்பாட்டாளர் இதற்குச் சம்மதிக்கிறாரா என்று வருவதற்கு முன்பே கேளுங்கள். நீங்கள் வெளியிலிருந்து கேட்டால் அதற்குத் தனிப் பலம் உண்டு.

சப்பாத்து சேகரித்துக் கொண்டு வரலாமா?

அளவு கேட்டுவிட்டுக் கொண்டு வாருங்கள். தேய்ந்துபோன அடிப்பாகத்தோடு வரும் சப்பாத்து மலை இறக்கத்தில் வெறுங்காலைவிட மோசம். பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர் மூலம் கொடுங்கள். மேடையில் ஏற்றி, படம் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கொழுந்துக் கூடையோடு நிற்கும் அம்மாவையும் லயத்து வாசலையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு சம்மதிப்பார்கள், அப்புறம் அந்தப் படத்தை அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.

நானும் ஓடிவிட்டு உதவலாமா?

ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். ஓட வேண்டுமென்றால் முதல் நாட்களில் இலக்கத் துணி விநியோகத்தில் உதவுங்கள், மறுநாள் துப்புரவுக்கு வாருங்கள்.

தங்குமிடமும் சாப்பாடும்?

தொண்டர்கள் பெரும்பாலும் பாடசாலை மண்டபத்திலோ விடுதியிலோ சேர்ந்து தங்குவார்கள். காலையில் ரொட்டியும் கட்டசம்பலும், மதியம் சோற்றுப் பார்சல். விசேஷ உணவோ மருந்தோ தேவைப்பட்டால் கொண்டு வாருங்கள். பெண்கள் தங்கும் இடமும் கழிப்பறையும் தனியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்துங்கள். பாதையிலும் பெண்களுக்குக் கழிப்பறை இருக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவிலோ (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) பாடசாலையிலோ கேட்டால் திறந்துவிடுவார்கள்.

போட்டி முடிந்த மறுநாளே கிளம்பலாமா?

முடிந்தால் இரண்டு நாள் இருங்கள். கோப்பையும் பழத்தோலும் கட்டிய நாடாவும் கானில் கிடந்தால் அடுத்த மழைக்குத் தண்ணீர் வீதிக்கு ஏறும், லயத்துக்குள்ளும் புகும். பாதை முழுக்க நடந்து பொறுக்க வேண்டும். அப்புறம் ஒரு மாலை தோட்டத்து ஆட்களோடு உட்கார்ந்து, எந்த மேசையில் தண்ணீர் தீர்ந்தது, எந்த வாசலை அடைத்து இடைஞ்சல் செய்தோம், யாருக்குக் காசு பாக்கி என்று கேட்டு எழுதுவோம். உங்களிடம் உள்ள அளவைக் கணக்கு, நேரப் பட்டியல், தொண்டர் பெயர்கள் எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்திலேயே உள்ளூர்க் குழுவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.